வெள்ளை பிளெக்ஸில் மைப்பனி

சூன்யத்தை அச்சடித்துத் தரச் சொல்லி அந்தக் கலைஞர் வந்தபோது நான் மெஷினுக்கடியில் குனிந்து சிந்தியிருந்த மையைப் பழந்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். கல்கத்தாவில், டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில், யாரோ கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில்தான் எங்கள் பிளெக்ஸ் கடை. அதை ஒட்டிப் பின்னால் ஒரு சின்ன அறை. மைக் கேன்கள், பிளெக்ஸ் சுருள்கள், நான் எல்லாம் அதற்குள்தான். சம்பளம் குறைவு. அறைக்கு வாடகை இல்லை என்பதால் அது குறைவு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடித்தேன், சூரத்தில் சாயத்தொட்டி கழுவினேன், புவனேஸ்வரத்தில் ஓட்டலில் இலை எடுத்தேன். ஹவுராவுக்குக் கொஞ்சம் முன்னால் சாந்த்ராகாச்சியில் இறங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. டிக்கெட் அவ்வளவு தூரத்துக்குத்தான் எடுத்திருந்தேன். அங்கே சரக்கு இறக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் பிளெக்ஸ் சுருள்களை வேனில் ஏற்றிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தேன். முதலாளி, "இதை மெஷின்ல மாட்டத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். சாயங்காலத்துக்குள் தெரிந்துகொண்டேன். இப்படித்தான் எனக்கு எல்லாத் தொழிலும் வந்தது.

முதலாளியை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்போம். வங்காளமும் இந்தியும் கலந்து பேசுவார். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். கால்பந்து, கல்லீரல், அரசியல் சட்டம், ரஷ்யா எல்லாவற்றையும் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சொந்த மெஷினைப் பற்றி மட்டும் கிடையாது. என் பெயரை அவர் கேட்டதே இல்லை. மாட்ராஜி என்பார். நான் பிறந்த ஊரிலிருந்து மெட்ராஸ் போக ஒரு ராத்திரி ரயிலில் உட்கார வேண்டும் என்று விளக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கடையில் இன்னொருவர் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அக்கா. காளிகாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். அவள் தாத்தா ஏதோ பேங்க் வேலைக்கென்று வந்து தங்கியவராம். வங்காளம் தண்ணீர் மாதிரி வரும். தமிழ் நின்று நின்று வரும். அக்கா என்று கூப்பிட்டால், "இந்த ஊர்க்காரா மாதிரி திதின்னு கூப்பிடு, அக்கான்னா நான் ஏதோ டீச்சர் மாதிரி இருக்கு" என்பாள். நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

வந்த கலைஞர் ஒரு பாராவின், அதாவது ஒரு பேட்டையின், துர்கா பூஜைக்குப் பந்தல் வடிவமைப்பவர். இந்த ஊரில் சும்மா பந்தல் போட்டால் யாரும் மதிப்பதில்லை. தீம் வேண்டும். போன வருடம் மண்கலயங்களை அடுக்கிப் பசியைக் காட்டினாராம். பசியைப் பார்க்க வந்த கூட்டம் வெளியே வரிசையில் நின்று ரோல் தின்றதை நானே பார்த்திருக்கிறேன். இந்த வருடம் சூன்யம்.

"முழுக்க வெள்ளை. சுவர், கூரை, தூண், எல்லாமே வெள்ளை பிளெக்ஸ்" என்றார். "ஒவ்வொரு பலகையிலும் நடுவுல ஒரே ஒரு கண். கறுப்புல. துர்கா அம்மாவோட கண். சுத்தி ஒண்ணுமே இல்ல. புரியுதா? ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாததுக்கு சதுர அடிக்கு அதே ரேட்தான்" என்றார் தாதா.

கலைஞர் சிரிக்கவில்லை. தாதா உடனே ஒப்புக்கொண்டார். பாதி வேலை வெறும் வெள்ளைதானே, மை மிச்சம் என்று அவர் கணக்கு.

எங்கள் கடை அதுவரை வெள்ளையை அச்சடித்ததே இல்லை. கட்சித் தலைவர், கோச்சிங் சென்டர், மூலவியாதி டாக்டர், கல்யாணத் தம்பதி என்று எது வந்தாலும் மூலைமுடுக்கெல்லாம் நிறத்தை அப்பித்தான் கொடுப்போம். அந்த நெரிசலில் எந்த அழுக்கும் தெரியாது. முதல் வெள்ளைப் பலகையை ஓட்டி, விளக்கில் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது. கண் கறுப்பாக, கூர்மையாக இருந்தது. ஆனால் கண்ணுக்கு வலப்புறம் ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். தடவினால் விரலில் வரவில்லை. பிளெக்ஸோடு காய்ந்து ஒட்டியிருந்தது.

கலைஞர் வந்து பார்த்தார். "இது என்ன? அம்மா ராத்திரியெல்லாம் தூங்கலையா?" என்றார்.

"மழைக்கால வெளிச்சம். அதனால அப்படித் தெரியுது" என்றார் தாதா.

"என் கண்ணு சரியில்லங்கறீங்க."

"சேச்சே. வெளிச்சத்தைத்தான் சொன்னேன்."

வெள்ளை சுத்தமாக வராவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவர் சந்து திரும்பும்வரை காத்திருந்து தாதா என் பக்கம் திரும்பினார். "இந்த ஆர்டர் போச்சுன்னா கடையை மூடிடுவேன் மாட்ராஜி. என் மச்சான் மொபைல் கடை வைக்க இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான். அப்புறம் நீ மறுபடி சாந்த்ராகாச்சிக்குப் போய் மூட்டை தூக்கலாம்."

மூட்டை தூக்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. பிளாட்பாரத்தில் படுப்பதுதான் மழைக்காலத்தில் தொந்தரவு. அந்த அறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. பல வருடமாக எனக்கு இரண்டும் சேர்ந்து கிடைத்ததில்லை. அதை இழக்க நான் தயாராக இல்லை.

அந்த மூட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் குயாஷா. வங்காளத்தில் பனிமூட்டம் என்று அர்த்தம். மெஷினில் ஒரு வண்டி இப்படியும் அப்படியும் ஓடும். அதன் அடியில் இருக்கும் ஹெட்டிலிருந்து மை பொட்டுப் பொட்டாகப் பாய்ந்து பிளெக்ஸில் விழும். ஒவ்வொரு பொட்டுக்கும் பின்னால் ஒரு வால் அறுந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறும். பொட்டு விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிடும். தூளுக்கு விழக்கூடக் கனம் இல்லை. அது மிதக்கும். காற்று எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போய் உட்காரும். எங்கள் கடையில் அது பல வருடமாகச் சுவரில், ட்யூப்லைட்டில், அக்காவின் கீபோர்டில், வண்டிக்கு இடம் காட்டும் பிளாஸ்டிக் நாடாவில் எல்லாம் உட்கார்ந்திருந்தது. நாடா அழுக்கானால் வண்டிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போய் ஓரத்தில் முட்டும். அப்போதெல்லாம் தாதா மெஷினை ஒரு தட்டுத் தட்டி, கம்பெனியைத் திட்டுவார்.

காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருந்தது. அது சந்துப் பக்கம் இருந்தால் அண்டை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்று, தாதா அதைக் கழற்றிக் கடைக்கும் என் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் மாட்டியிருந்தார். அதாவது வெளியே என்பது நான். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடி வைப்பேன். துணி நாளடைவில் சாம்பல் நிறமாகும். முதலில் இருமினேன், பிறகு பழகிவிட்டது. பழகியது நல்லதா என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

அக்காதான் பிடிவாதமாக மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரவழைத்தாள். வந்தவன் சேலத்துப் பையன், இன்ஜினியரிங் முடித்து இந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. முகமூடியைக் கழற்றாமலே சுற்றிப் பார்த்தான்.

"முதல்ல இத்தனை ஃபேனையும் நிறுத்துங்க சார். காத்து அடிச்சா மிஸ்ட் பறந்து பிளெக்ஸ் மேலதான் விழும். ஹெட்டை இன்னும் கொஞ்சம் கீழ இறக்கணும். அப்புறம் ஹெட்டுக்குப் பக்கத்துலயே மெதுவா உறிஞ்சி எடுக்கணும். ரொம்ப வேகமா உறிஞ்சினீங்கன்னா நல்ல டிராப்பும் கோணிக்கும். அதுக்குன்னு ஒரு கிட் இருக்கு."

கிட்டின் விலையைச் சொன்னான். தாதா அவனுக்கு ரசகுல்லா வாங்கிக் கொடுத்து அன்போடு வழியனுப்பிவைத்தார்.

"காத்தே கூடாதாம்" என்றார் அவன் போனதும். "காத்து இல்லாட்டி மனுஷன் செத்துடுவான்."

"மெஷினுக்குத்தானே சொன்னான் தாதா" என்றாள் அக்கா.

"மெஷினும் மனுஷனும் ஒண்ணுதான். புழுங்கினா கோவம் வரும்."

மறுநாள் முன்னதைவிடப் பெரிய டேபிள் ஃபேன் ஒன்று வாங்கி வந்து ஸ்டூல்மேல் வைத்து, மெஷினைப் பார்த்துத் திருப்பிவிட்டார். குயாஷாவை ஊதித் தள்ளிவிடுமாம். சேலத்துப் பையன் சொன்னது எனக்கும் புத்தகப் பேச்சாகத்தான் பட்டது. தூசி பறந்தால் ஊதத்தானே செய்வோம். பெரிய ஃபேனோடு ஓட்டிய பலகைகளில் சாம்பல் மூட்டம் இன்னும் நீண்டு, கண்ணுக்கு ஒரு வால் முளைத்த மாதிரி இருந்தது. அடுத்து தாதா குயாஷாவைப் பிடிக்க மெஷினுக்கு முன்னால் ஈரப் புடவையைக் கட்டித் தொங்கவிட்டார். அது ஃபேன் காற்றில் எழுந்து வண்டியில் சிக்கி, பாதிக் கண்ணோடு மெஷின் நின்றது.

"அம்மா கண்ணடிக்கறா மாதிரி வந்திருக்கு, பாரேன்" என்றாள் அக்கா.

இந்த லட்சணத்தில் விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று கல்கத்தாவில் எந்த மெஷினையும் ஓட்ட மாட்டார்கள். லேத்திலிருந்து ரிக்ஷாவரை எல்லாவற்றுக்கும் ஓய்வு, குங்குமம், மாலை. வானம் முழுக்கப் பட்டம். தாதாவுக்கு அன்றுதான் உண்மை புலப்பட்டது. போன வருடம் பூஜையை அவசரமாக முடித்ததால்தான் இந்தக் குயாஷா. இந்தத் தடவை புரோகிதரிடம் சொல்லி ஒன்றும் குறைக்காமல் செய்யச் சொன்னார். வண்டியின் மூடியில் சிந்தூரத்தால் ஸ்வஸ்திகம் போட்டார்கள். வண்டி ஓடும் கம்பியில் செவ்வந்தி மாலை. யானைமேல் உட்கார்ந்த விஸ்வகர்மா பொம்மையைக் கம்ப்யூட்டர் மேஜையில் வைத்தார்கள். சட்டென்று தீப்பிடிக்கிற சால்வென்ட் மைக் கேன்கள் இருக்கும் கடைக்குள் துனோ வேறு. மண் ஏனத்தில் தேங்காய் நாரைக் கொளுத்தி, சாம்பிராணித் தூளை அள்ளிப் போடுவார்கள். கட்டிக் கட்டியாகப் புகை வரும். நான் கேன்களை எல்லாம் தூக்கிச் சந்தில் வைத்துவிட்டு வந்தேன். சாமிப் புகை பிடிக்காமல் நான் வெளியே போய்விட்டதாகத் தாதா புரோகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷினுக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர, ஃபேன்களுக்குக் கொடுக்கவில்லை. வெக்கை அப்படி. டேபிள் ஃபேனும் எக்ஸாஸ்டும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. புரோகிதர் துனோ ஏனத்தை மெஷினின் காலடியில் வைத்தார். புகை நேராக எழும்பி, ஃபேன் காற்று பட்டதும் ஒடிந்து, விரித்திருந்த வெள்ளை பிளெக்ஸின்மேல் பாயில் படுப்பது மாதிரிப் படுத்தது. அந்தக் கோடிவரை ஊர்ந்து போய்ச் சுவரில் முட்டி, சுருண்டு, திரும்பி வந்து மறுபடியும் பிளெக்ஸ்மேலேயே இறங்கியது. எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு இழைகூடப் போகவில்லை. சாம்பல் மூட்டம் எந்த இடத்தில் விழுந்ததோ, எந்தப் பக்கம் வால் நீண்டதோ, அச்சாக அதே வழி.

நான் போய் டேபிள் ஃபேனை நிறுத்தினேன். புகை நிமிர்ந்து நின்றது.

"பூஜை நடுவுல என்னடா பண்றே?" என்றார் தாதா.

"புகையைப் பாருங்க."

"புகையில என்ன? நல்லாத்தான் வருது."

அக்கா பார்த்துவிட்டாள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டே, "அந்தப் பையன் சொன்னது இதைத்தான், தாதா. நாமளே ஃபேன் வச்சு அப்பிண்டிருக்கோம்" என்றாள். தாதா ஃபேனைத் திரும்பப் போட்டார். புரோகிதருக்கு வேர்க்கிறதாம்.

மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கி, எல்லா ஃபேனையும் நிறுத்தி, ஹெட்டைப் பிளெக்ஸுக்குக் கிட்டே இறக்கி ஒரு பலகை ஓட்டினோம். மூட்டம் பாதியானது. வியர்வை இரட்டிப்பானது. முகத்துச் சொட்டு பிளெக்ஸில் விழாமல் தலையில் துண்டு கட்டிக்கொண்டேன். மீதி மூட்டத்துக்குச் சேலத்துப் பையன் சொன்ன உறிஞ்சல் வேண்டும். தாதா கிட் வாங்க மாட்டார். பழைய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன ஃபேன் இரண்டைக் கழற்றினேன். போர்டு செய்யும் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒரு டப்பா ஒட்டி, அதற்குள் கார் ஏ.சி. ஃபில்டர் துண்டு ஒன்றைச் செருகி, வண்டியின் பக்கவாட்டில் டேப் போட்டுக் கட்டினேன். முழு வேகத்தில் ஓடவிட்டபோது கண்ணின் ஓரம் மயிர் முளைத்த மாதிரிச் சிலிர்த்துக்கொண்டது. வேகமாக உறிஞ்சினால் நல்ல பொட்டும் கோணும் என்று அவன் சொன்னது அதைத்தான். போன் சார்ஜரில் இணைத்ததும் ஃபேன்கள் சோம்பலாகச் சுற்றின. அந்தச் சோம்பல்தான் தேவைப்பட்டது. பறக்கிற தூளை மட்டும் இழுத்தது, பொட்டைத் தொடவில்லை. ஃபில்டர் கறுத்துக்கொண்டே வந்தது. பிளெக்ஸ் வெள்ளையாகவே வெளியே வந்தது.

தாதா விளக்கில் பிடித்துப் பார்த்தார். "பாத்தியா? பூஜையை ஒழுங்காப் பண்ணணும்னு சொன்னேன் இல்ல" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஃபில்டரை மாற்றப் போனேன். சேலத்துப் பையனுக்குப் போன் போட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று அவள்தான் சொன்னாள், சொல்லவும் செய்தாள். அவன், டப்பா ஒட்டினால் வாரன்டி போய்விடும் என்றானாம்.

கலைஞர் வந்தார். பலகை பலகையாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் கதவும் தாழ்ப்பாளும் பிழைத்தன என்று நினைத்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

துர்கா பூஜையின் அஷ்டமி அன்று பந்தலுக்குப் போய்ப் பார்த்தேன். ஊரே சூன்யத்துக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கு முன்னாலும் செல்ஃபி. இடுப்பு உயரம்வரை வெள்ளையில் கைரேகை, சட்னி, குழந்தைகளின் செருப்புத் தடம். ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து தலை எண்ணெயை வட்டமாகப் பதித்துவிட்டுப் போனார். இடுப்புக்கு மேலேயும் புழுதி படிந்து, நாங்கள் முதலில் ஓட்டி ஒதுக்கிய பலகைகளின் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. கலைஞர் பட்டு வேட்டியில் ஒரு டி.வி. மைக்குக்கு முன்னால் நின்று, கூட்டத்தின் நடுவே தனிமை என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தனிமைக்குப் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்ததும் வெள்ளைக்கு மவுசு வந்தது. நகைக்கடை, மகப்பேறு ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லோரும் வெள்ளை கேட்டார்கள். இந்த வட்டாரத்தில் மூட்டமில்லாத வெள்ளை எங்கள் கடையில்தான் என்று பேச்சு. மச்சானின் மொபைல் கடையைப் பற்றித் தாதா பேசுவதே இல்லை. காளிபூஜைக்கு முன்னால் ஒருநாள் அவர் கையில் டேப்போடு என் அறைக்குள் வந்து, நான் உட்கார்ந்திருந்த பாயின்மேல் ஏறி நின்று நீளம் அளந்தார்.

"சரியா இருக்கு. இந்தச் சுவரை எடுத்துட்டா ரெண்டாவது மெஷின் நிக்கும்" என்றார்.

"நான்?"

"நீ ஏன் கவலைப்படறே? மெஷினுக்குக் கீழ படுத்துக்கோ. முன்னன்னா மை விழும். இப்பத்தான் விழறதே இல்லையே. நீதானே சரி பண்ணினே."

கேலி இல்லை. அவர் எனக்கு ஒரு நல்ல ஏற்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கடையில் என்னைத் துரத்தியிருக்கிறார்கள், இன்னொன்றில் மறந்துபோயிருக்கிறார்கள். வேலையை நன்றாகச் செய்ததால் படுக்கை போனது இங்கேதான்.

அக்கா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே தமிழில் கேட்டாள். "எங்காத்து மொட்டை மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. ஆனா நீ மீன் சமைப்பியா?"

"சமைப்பேன்."

"அப்போ அம்மா ஒத்துக்க மாட்டா. நீ சமைக்க மாட்டேன்னு சொல்லேன்."

"சொன்னா சமைக்காம இருக்கணுமே அக்கா."

அவள் சிரித்துவிட்டு மறுபடி டைப் அடித்தாள். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சுவரை இடிக்க வந்த கொத்தனாருக்குக் கூடமாட வேலை செய்ய ஒரு ஆள் வேண்டியிருந்தது. தாதா என்னைத்தான் கூப்பிட்டார். போனேன். ஒற்றைச் செங்கல் சுவர். மதியத்துக்குள் என் அறை கடைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இடிபாட்டை அள்ளிச் சந்தில் கொட்டினேன். கழற்றிவைத்த கதவைக் கொத்தனார் தன் வீட்டுக்கு ஆகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார், தாழ்ப்பாளோடு. நான் குழாயில் கை கால் கழுவி, என் பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்கே கெளம்பிட்டே மாட்ராஜி? டீ சொல்லியிருக்கேன்" என்றார் தாதா.

"படுக்க இடம் பாக்கணும்."

"பாத்துட்டு வந்துடுவே இல்ல? நகைக்கடைக்காரன் சாயங்காலம் வருவான்."

டீயைக் குடித்தேன். பிறகு ஹவுரா ஸ்டேஷனுக்குப் பஸ் பிடித்தேன்.